வெயிலுகந்தாள் திறந்த மடை

வேலாந்துறைப் பட்டணத்துக்குக் கரண்டு வராத காலம். துறைமுகத்துக்கு இன்னும் கல்லு கொட்டி முடியாத காலம். ரயில் வந்து நின்றால் அதைப் பார்க்கவே சனம் கூடுகிற காலம். அந்தக் காலத்தில் கடலுக்கும் ரயில் ரோட்டுக்கும் நடுவில், உப்பளத்துக் குடிசைகளில் ஒரு பொம்பளை இருந்தாளாம். பேர் வெயிலுகந்தாள். வைத்தவர்கள் குலசாமியை நினைத்து வைத்த பேர். ஆனால் பேர் பலித்துவிட்டது. ஆயுசு பூரா அவளுக்கு வாய்த்தது வெயில்தான்.

இன்றைக்கு அங்கே முப்பதாயிரம் பேர் உட்காருகிற ஃபுட்பால் ஸ்டேடியம் நிற்கிறது. வாசலில் சலவைக்கல். கல்லில் ராவ்பகதூர் குற்றாலிங்கம் பேர். ‘இம்மைதானத்தை உருவாக்கிய வள்ளல்’ என்று தங்க எழுத்து. உருவாக்கினாராம்! அந்தச் சேற்றில் ஒரு கால் வைத்திருப்பாரா அந்த மனுசன்? கேளுங்க. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க, யார் உருவாக்கியது என்று.

உப்பளத்தில் பாத்தி போடுவது தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லணும். பாத்தியை வெட்டி மட்டும் உண்டாக்க முடியாது. மிதித்துத்தான் உண்டாக்கணும். ஈரக்களியைப் பரத்தி, தோளோடு தோள் இடிக்க வரிசை கட்டி நின்று, வெறுங்காலால் மிதிப்பார்கள். குதிகால் முன்னே, விரல் பின்னே. குதிகால் முன்னே, விரல் பின்னே. மிதித்து முடிந்த தரை வெங்கலத் தாம்பாளம் மாதிரி இறுகிக் கிடக்கும். மேலே தேங்கின தண்ணீர் ஒரு சொட்டு கீழே இறங்காது. அந்த மிதிக்கு முன்னத்தி ஆள் வெயிலுகந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தே, “ஏட்டி, இங்கன அரை விரக்கடை பள்ளம் கிடக்கு, ரெண்டு கூடை மண்ணு கொண்டா” என்பாளாம். மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்தால் அரை விரக்கடை சரியாக இருக்குமாம்.

அவளுக்கு ஒரே தம்பி. முத்துமாலை. பகலெல்லாம் உப்பு மூட்டை சுமப்பான். பொழுது சாய்ந்தால் பந்து. கப்பல்காரர்கள் தூக்கிப்போட்ட பந்து ஒன்று, பாய்த்துணி ஒட்டுப்போட்டு, நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உருளும். அதை வைத்துக்கொண்டு பதினோரு மூட்டைக்காரன்கள். ஆடத்தான் இடம் கிடையாது. ரயில் ரோட்டோரம் ஆடினால் ரயில்காரன் விரட்டுவான். கோயில் பின்னால் ஆடினால் கோயில்காரன் விரட்டுவான். கடைசியில் வண்டித்தடத்தில் ஆடுவார்கள். உப்பு வண்டி வந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, மாடு போகிற வரைக்கும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கணும்.

“கோல் விழப்போற நேரத்துக்குன்னுதான் யக்கா வண்டி வருது” என்பானாம் முத்துமாலை.

“மாட்டுக்காவது போறதுக்குன்னு ஒரு தடம் இருக்கு. நமக்கு அதுவும் இல்லியேல” என்பாளாம் அவள்.

இப்படி இருக்கையில் பகதூருக்கு ஒரு ஆசை வந்தது. கலெக்டர் துரை பந்தாட்டப் பிரியர். அவர் பேரில் ஒரு கோப்பை வைத்து, அவரையே கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னால், ‘ராவ்பகதூர்’ அடுத்த படி ஏறி ‘திவான்பகதூர்’ ஆகலாம். அதுக்கு மைதானம் வேணும். முனிசிபாலிட்டி ஒரு சேற்றுப் பள்ளத்தைக் கொடுத்தது. பகதூர் மெட்ராஸிலிருந்து கல் உருளை ஒன்று வரவழைத்தார். எட்டு மாடு பூட்டி இறக்கினார்கள். உருளை நாலு சுற்று உருண்டது. அஞ்சாவது சுற்றில் களி அதை முழுங்கிவிட்டது. மாட்டை அவிழ்த்துத்தான் காப்பாற்ற முடிந்தது. உருளை இன்னும் ஸ்டேடியத்துக்கு அடியில்தான் கிடக்கிறது என்று சொல்லுவார்கள்.

அப்புறம்தான் பகதூர் உப்பளத்துக்கு வந்தார். குடை பிடிக்க ஒரு ஆள், விசிற ஒரு ஆள்.

“ஏம்மா, அந்தப் பள்ளத்தை மிதிச்சு மட்டம் பண்ண உங்களால ஆகுமா?”

“ஆகும்.”

“என்ன கூலி கேக்கீங்க?”

மிதிக்கிற ஆள்கள் அறுபது பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள்.

“கூலி வேண்டாம்யா. ஞாயித்துக்கிழமையைக் குடுங்க.”

“என்னது?”

“ஆறு நாளு உங்க ஆட்டம். ஞாயித்துக்கிழமை எங்க பயலுவ ஆட்டம். எப்பவும்.”

பகதூருக்குச் சிரிப்பு. இவ்வளவு மலிவாக ஒரு மைதானமா? “குடுத்தேன் போ” என்றார். “உப்பளத்துல நின்னு சொல்லுதேன். உங்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் உண்டா?” என்றும் கேட்டார்.

உண்டா என்ன? பாத்தியில் நின்று ஒருத்தன் பொய் சொன்னால் அந்தப் பாத்தியில் உப்பு விளையாது என்பது அந்தச் சனத்தோட நம்பிக்கை. ஆனால் ஒன்றை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. பகதூர் நின்றது வரப்பு மேலே. காலில் பூட்ஸோடே.

நாற்பது நாள் மிதித்தார்கள். உப்பளத்தில் அவரவர் வேலையை முடித்துவிட்டு வந்து மிதித்தார்கள். புருசனும் பெண்டாட்டியும் மிதித்தார்கள். தொட்டிலை வேலிக்கம்பில் கட்டிவிட்டு மிதித்தார்கள். குதிகால் முன்னே, விரல் பின்னே. களிக்கு மேலே ஒரு முழம் ஆற்று வண்டல் பரத்தி அதையும் மிதித்தார்கள். கிளிஞ்சல் கிழித்து ரத்தம் வந்தால், களியையே அப்பிக்கொண்டு மிதித்தார்கள்.

மிதித்ததில் ஒரு தப்பும் நடந்துபோனது. உப்பளத்து ஆள்களைத் தவிர யாரும் செய்யாத தப்பு. அவர்கள் அதற்கு முன்னால் மைதானம் போட்டதில்லையே! தெரிந்ததெல்லாம் பாத்தி. அதனால் மைதானத்தைச் சுற்றி வரப்பு போட்டார்கள். மேற்கே பார்க்க ஒரு விரல் சாய்மானம் வைத்தார்கள். கிழக்கு மூலையில், கடலோடைப் பக்கம், மூணு பலகை போட்டு ஒரு மடையும் வைத்துவிட்டார்கள்.

பகதூர் வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம். “பந்து விளையாடுத இடத்துக்கு மடை எதுக்கு? மீனு பிடிக்கவா?”

“மடையில்லாத பாத்தி உண்டாய்யா? வாய் இல்லாத பானை மாதிரில்லா இருக்கும்” என்றாள் வெயிலுகந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது அவளுக்கு.

“சரி, கிடக்கட்டும்” என்றார் பகதூர். கிடந்தது.

அருகம்புல் நட்டார்கள். புல் பச்சென்று பிடித்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. முத்துமாலையும் பத்துப் பேரும் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, ஒட்டுப்போட்ட பந்தோடு போனார்கள். பின்னாலேயே உப்பளத்துச் சனம் பூராவும்.

வாசலில் புதுசாக ஒரு கம்பிக்கதவு. கதவில் ஒரு பலகை. பக்கத்தில் வாட்ச்மேன் சங்கிலி.

“என்னண்ணே எழுதியிருக்கு?” என்று கேட்டான் முத்துமாலை.

சங்கிலி பலகையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “வாசிக்கச் சொல்லாதல.”

“வாசிங்கண்ணே.”

“‘காலில் பூட்ஸ் அணியாதவர்கள் மைதானத்தினுள் இறங்கலாகாது. இப்படிக்கு செகரட்டரி, ராவ்பகதூர் குற்றாலிங்கம்.’”

கேட்டீங்களா அநியாயத்தை? வெறுங்காலால் மிதித்து உண்டாக்கின மண்ணு. அதில் வெறுங்கால் படக்கூடாதாம்!

சனம் கூச்சல் போட்டது. ரெண்டு பேர் கதவில் ஏறப் போனார்கள். வெயிலுகந்தாள் தடுத்துவிட்டாள். “சொன்னவருகிட்டயே கேட்டுட்டு வாரேன்” என்று தனியாகப் பகதூர் வீட்டுக்கு நடந்தாள்.

பகதூர் வராந்தாவில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஞாயித்துக்கிழமை குடுத்தேன்னு சொன்னியளே.”

“குடுத்துட்டேனே. பயலுவ வரட்டும், ஆடட்டும். பூட்ஸ் மாட்டிக்கிட்டு வரச் சொல்லு.”

“பூட்ஸுக்கு நாங்க எங்கய்யா போவோம்?”

“அது என் சோலியா?”

“எங்க காலு மிதிச்ச மண்ணுய்யா அது.”

“மிதிச்சீங்க. அது வேலை. இது விளையாட்டு.” பேப்பரைத் தாழ்த்தாமலே பேசினாராம். “தை மாசம் கலெக்டர் துரை வாராரு. உங்க பயலுவ பாளம் பாளமா வெடிச்ச காலோட ஓடுனா புல்லு என்னத்துக்கு ஆவும்?”

வெயிலுகந்தாளுக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. “எங்க வெடிப்புக் காலு புல்லைக் கொன்னுரும். அடியில குமிழு குமிழா அடிச்ச உங்க பூட்ஸு புல்லைத் தடவிக் குடுக்குமோ?”

அப்போதுதான் பேப்பர் தாழ்ந்தது. “கொழுப்பா? வெளிய போ.”

போனாள். வேறு என்ன செய்ய?

முத்துமாலை சும்மா இருக்கவில்லை. கப்பல்காரன் ஒருத்தன் கழித்துப்போட்ட பூட்ஸ் ஒரு சோடி கிடைத்தது. போட்டுப் பார்த்தான். சுடுகல்லை மிதித்த கோழி மாதிரி நாலடி நடந்தான். அஞ்சாவது அடியில் விழுந்தான். பிறந்ததிலிருந்து விரிந்தே கிடந்த விரல், தோலுக்குள்ளே அடங்க மாட்டேன் என்கிறது. சாயங்காலம் கழற்றினால் ரெண்டு பெருவிரலும் பிய்ந்து தொங்குகிறது.

“வேண்டாம் யக்கா” என்றான். “நமக்கு வண்டித்தடமே போதும்.”

அந்தப் ‘போதும்’தான் அவளைத் தூங்கவிடவில்லை என்பார்கள். போதும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்? அவளும் சின்னதிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

தை பிறந்தது. பௌர்ணமி அன்றைக்குக் கோப்பை ஆட்டம். பட்டணமெல்லாம் தோரணம். பௌர்ணமி என்றால் உப்பளத்து ஆள்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உச்சிப்பொழுதில் கடல் ஏறும். ஓடை தளும்பத் தளும்ப நிற்கும்.

காலையிலேயே அக்காள் முகத்தைப் பார்த்த முத்துமாலைக்குப் புரிந்துபோனது.

“யக்கா, உப்புத்தண்ணி ஏறுனா புல்லு செத்துப்போவும்.”

“தெரியும்.”

“ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தளிரு வராது. என்னைக்காவது ஒருநாளு மனசு மாறி நம்மள உள்ள விட்டாலும் ஆட முடியாது.”

“தெரியும்ல.”

“நாப்பது நாளு மிதிச்சது யக்கா.”

அந்தத் தரை அவள் போட்டதிலேயே நல்ல தரை. அத்தனை பெரிசாக, அத்தனை மட்டமாக ஒரு பாத்தியை அவள் அப்பன் போட்டதில்லை, பாட்டன் போட்டதில்லை. அவளுக்குத் தெரியாதா?

“மிதிச்சவளுக்குத்தாம்ல அதை அழிக்கவும் பாத்தியதை உண்டு” என்றாள். உப்பு வாருகிற வாருபலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சங்கிலி முன்வாசலில் நின்றார். மடை பின்மூலையில் இருந்தது. அவள் முதல் பலகையை உருவினாள். ரெண்டாம் பலகையை உருவினாள். மூணாம் பலகையை உருவினாள். தண்ணீர் சத்தமே போடவில்லையாம். ஒரு விரல் சாய்மானத்தில், விருந்துக்கு வந்த ஆள் மாதிரி மெல்ல மெல்ல உள்ளே நடந்து மேற்கே போனது.

மூணு மணிக்கு பேண்டு வாத்தியத்தோடு கலெக்டர் துரை வந்து இறங்கினார். பின்னால் பகதூர், சரிகைத் தலைப்பாகை. பின்னால் ரெண்டு அணியும் பளபளக்கிற பூட்ஸில். அதுக்கும் பின்னால் பட்டணமே. வந்து பார்த்தால் மைதானத்தைக் காணோம். கணுக்கால் உயரத்துக்குக் கண்ணாடி விரித்த மாதிரி தண்ணீர். கோல்கம்பம் ரெண்டும் தலைகீழாகத் தெரிகிறது. நட்டநடுவில், வாருபலகையை ஊன்றிக்கொண்டு வெயிலுகந்தாள்.

“எவ செஞ்ச வேலை இது?” என்று அலறினார் பகதூர்.

“நாந்தான்யா.”

“வெளிய வாடீ!”

“நீங்க உள்ள வாங்க.”

அவளைப் பிடித்துவரச் சொல்லி ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்கள். அவர் பூட்ஸோடு இறங்கினார். மிதித்த தரைக்கு மேலே தண்ணீர் நின்றால் அது எண்ணெய்ச் சட்டி மாதிரி. வெறுங்கால் விரலை ஊன்றி நடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது தரை. ரெண்டாவது எட்டில் போலீஸ்காரர் மல்லாந்தார். தொப்பி மட்டும் மேற்கே மிதந்து போனது. சனம் சிரித்தது. அடுத்த போலீஸ்காரர் வரப்பிலேயே உட்கார்ந்து, காலில் சுற்றின பட்டியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் அவிழ்த்தார் என்பார்கள். அவரும் உப்பளத்தில் பிறந்தவராம்.

துரை, குமாஸ்தாவை விட்டுக் கேட்கச் சொன்னார். குமாஸ்தா கையைக் குவித்துக் கத்தினார்: “உனக்கு என்ன வேணும்னு துரை கேக்காங்க!”

“அவரு சொன்ன சொல்லு வேணும். ஞாயித்துக்கிழமை எங்களுக்குன்னு சொன்னாரு. கூலி வாங்காம நாப்பது நாளு மிதிச்சோம். இப்ப வெறுங்காலு படப்படாதுன்னு கதவுல பலகை போட்டுட்டாரு.”

“பச்சைப் பொய்!” என்றார் பகதூர். “நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.”

அவள் கோபப்படவில்லையாம். வழி கேட்கிற ஆளுக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாளாம்:

“சரிங்கய்யா. இது பாத்தி. நாங்க மிதிச்ச பாத்தி. பாத்தியில பூட்ஸ் போட்டு இறங்கப்படாது, அது எங்க வழக்கம். பூட்ஸைக் கழத்திட்டு வாங்க. இந்தத் தண்ணிக்குள்ள நின்னு, சொல்லலேன்னு ஒருக்கச் சொல்லுங்க. சொல்லிட்டா, என்னைய விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

குமாஸ்தா துரை காதில் சொன்னார். துரை பகதூரைத் திரும்பிப் பார்த்தார். பட்டணமே திரும்பிப் பார்த்தது.

என்ன செய்வார் மனுசன்? வரப்பில் உட்கார்ந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றினார். வெயில் படாத பாதம், சோறு மாதிரி வெள்ளை. அந்த ஒற்றைப் பாதத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். விரல் நுனி படப்போகிறது. படவில்லை. அப்படியே நின்றது. தண்ணீருக்கும் காலுக்கும் நடுவில் நாலு விரக்கடை. சத்தியத்துக்குப் பயந்தாரோ, சேற்றுக்குப் பயந்தாரோ, யார் கண்டது?

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னொண்ணையும் கழத்து!”

அப்புறம் ரெண்டு குரல். அப்புறம் இருபது. அப்புறம் உப்பளமே. “கழத்து! இன்னொண்ணையும் கழத்து!”

பகதூர் கழற்றவில்லை. கழற்றினதையும் திரும்ப மாட்டவில்லை. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஒன்றுமில்லை. நொண்டி நொண்டி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

துரை நீதி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீங்களா? அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். பொதுச்சொத்தைக் கெடுத்தாள் என்று வெயிலுகந்தாளுக்கு மூணு மாசம் செயில். பொய் சொன்ன ஆளுக்கு ஒன்றும் இல்லை. பொதுச்சொத்தாம்! அது பொதுச்சொத்து என்பது அவளைச் செயிலில் போடும்போதுதான் ஞாபகம் வந்தது.

புல் செத்தது. மைதானம் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்த உப்பை எடுக்க ஒரே வழி, மழைத்தண்ணீரைக் கட்டி, சாய்மானம் இறங்குகிற மேற்கு வரப்பை வெட்டி வடிக்கிறது. எப்போது கட்ட, எப்போது வடிக்க என்று நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் வேணும். பகதூர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். ஒரு ஆள் வரவில்லை. “வெயிலுகந்தா சொல்லட்டும்” என்றார்கள். அவள் செயிலிலிருந்து வந்து சொன்னாள்: “கதவுல போட்ட பலகையை எடுக்கட்டும். செகரட்டரி வெறுங்காலோட இந்தக் கோலுல இருந்து அந்தக் கோலு வரைக்கும் முன்ன நடக்கட்டும். பின்ன நாங்க இறங்குதோம்.”

பகதூர் நடக்காமலே செத்துப்போனார். அதுவரைக்கும் மைதானம் வெள்ளையாகவே கிடந்தது. அடுத்து வந்த செகரட்டரிதான் பலகையைப் பிடுங்கிப்போட்டு, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தார். நடந்தாரே! அது போதாதா? ரெண்டு மழைக்காலம் உப்பை வடித்தார்கள். மூணாம் வருசம் புல் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. முத்துமாலைக்கு அதற்குள் முட்டி போய்விட்டது. பத்து நிமிசம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிட்டான். வெயிலுகந்தாள் அந்த ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. அதற்கப்புறமும் ஒரு ஆட்டம்கூட அவள் பார்த்ததில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்து உப்பு விளையாமல் இருக்குமா?

அந்த நடைதான் இன்றைக்கும் நிற்கிறது. வேலாந்துறை ஸ்டேடியத்தில் எந்த அணி வந்தாலும், எந்த தேசத்திலிருந்து வந்தாலும், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் வரைக்கும் வெறுங்காலோடு நடந்துவிட்டுத்தான் பந்தைத் தொடணும். ‘மைதானத்துக்கு மரியாதை’ என்று மைக்கில் சொல்லுவார்கள். யாருக்கு மரியாதை என்று சொல்ல மாட்டார்கள்.

வெளியூர் ஆட்டக்காரர்கள் முதல் தடவை வந்தால் திகைத்துப்போவார்கள். ஒரு பூட்ஸைக் கழற்றும்வரை முப்பதாயிரம் பேரும் கப்சிப். அது கழன்றதும் கிழக்குப் பக்கம் மொத்தமும் எழுந்து நின்று அலறும்: “கழத்து! இன்னொண்ணையும் கழத்து!”

நம்மை எதுக்கு ஏசுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் முழிப்பார்கள். அவர்களை இல்லை. அவர்கள் பாட்டுக்குக் கழற்றி நடக்கட்டும். சனம் இன்னும் பகதூரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.